அமலி தாண்டிய தெருக்கதவு

சேவூர் அமலிக்கு முப்பத்திரண்டாம் வயதில் முதல் லீவு கிடைத்தது. கிடைத்த இடம் ஆரணியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து போர்டிங். 1893 கோடையில் பிள்ளைகள் ஊருக்குப் போனதும், சர்ட்டிபிகேட் இல்லாத கிராமத்து உபாத்தியாயினிகள் பதினெட்டுப் பேரை ஒரு மாதம் அங்கே தங்கவைத்துப் பாடம் நடத்தினார்கள். அமலி நெசவுக்கார சவரிராஜின் மனைவி. சேவூரில் இருபத்துமூன்று பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தவள். அவள் சர்ட்டிபிகேட் வாங்காவிட்டால் அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். பரீட்சையில் தேறினால் மட்டும் போதாது. மாதம் முடியும்வரை தெருக்கதவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மேட்ரன் பாக்கியமேரியம்மாள் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிடுவார்.

அடுப்பு மூட்டாமல் சோறு வருகிற இடத்தை விட்டு எவள் தாண்டுவாள்? முதல் நாள் சாப்பிட்டு முடித்ததும் அமலி பழக்கதோஷத்தில் எல்லார் தட்டையும் அடுக்கினாள். மற்றவர்கள் பிடித்து உட்காரவைத்தார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு ஒரேயடியாகப் பிடித்துப்போயிற்று. எல்லாம் பத்து வயசுப் பிள்ளைகளுக்கென்று செய்தவை. பாய் முழங்காலோடு முடிந்தது. துணி மாட்டும் ஆணி இடுப்புயரத்தில் இருந்தது. ஜெபம் முடிந்து ஒருத்தி களுக்கென்று சிரித்தால் பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள், எதற்கென்று கேட்டால் ஒருத்திக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் சவரிராஜ் ஜன்னலோரம் வந்து உப்புப் பானை எங்கே என்று கேட்டான். ஆறாம் நாள் புளியை எவ்வளவு கரைப்பது என்றான். இருபதாம் நாள் தானே வைத்த மீன் குழம்பைக் கொண்டுவந்து நீட்டினான். பதினெட்டுப் பேரும் விரலால் தொட்டு நக்கி, காரம் போதாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஜன்னல் கதவாகாது என்று மேட்ரன் சும்மா இருந்துவிட்டார்.

பரீட்சையிலும் அமலி தேறிவிட்டாள். பாக்கி ஒரே நாள்.

அன்று விடியற்காலை எதிரே தெருவில் பொன்னுசாமி என்ற நெசவுக்காரர் தறியில் ஏற்றும் பட்டுப் பாவு நூலை இரு முனையிலும் கம்பில் கட்டி நீளமாக விரித்து, மனைவியோடு இழை சரிபார்த்துக்கொண்டிருந்தார். கோடை மழை சொல்லாமல் வந்தது. "மழை, பாவு!" என்று அவர் கத்தினார். அந்தக் குரல் கேட்டால், யார் வீட்டுப் பாவானாலும் போட்டது போட்டபடி ஓட வேண்டும், அது நெசவுத் தெரு வழக்கம். அமலியின் கால் அவளைக் கேட்காமலே கதவைத் தாண்டி ஓடியது. பின்னாலேயே பதினேழு பேர்.

பாவை மடக்கினால் சிக்கிக்கொள்ளும். நீட்டினபடியே தூக்கிப் பக்கத்துக் கூரைக்குள் நுழைத்தார்கள். பக்கத்துக் கூரை போர்டிங்தான். நீண்ட ஹாலுக்குள் பச்சைப் பட்டு பாதி ஈரத்தோடு போய்க்கொண்டே இருந்தது. உள்ளே நுழைந்த பிறகுதான் அமலிக்குத் தான் செய்தது உறைத்தது. சேவூர்ப் பிள்ளைகளின் இருபத்துமூன்று முகங்களும் கண்முன் வந்தன.

"நான்தாம்மா மொதல்ல தாண்டினேன்," என்று கதவுப் பக்கம் பார்த்துச் சொன்னாள். "என் பேர மட்டும் அடிச்சிக்கோங்க."

பதில் தெருவிலிருந்து வந்தது. ஹால் ஆறு முழம் போதாமல், பாவின் வால் கதவுக்கு வெளியே நீண்டிருந்தது. ஒரு கையில் அதன் கம்பும், மறு கையில் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் எடுக்கும் கறுப்புக் குடையுமாக மேட்ரன் நடுத்தெருவில் நின்றார். குடை முழுக்கப் பாவுக்கு, மழை முழுக்க அவருக்கு.

"பேர அடிக்கணும்னா பேனா புடிக்கணும்," என்றார். "எனக்கு ரெண்டு கையும் வேலையா கீது. மொதல்ல என் பேர இல்ல அடிக்கணும்? நானும் வெளியத்தான நின்னுகினு கீறேன்."

ஹாலே குலுங்கியது. சிரிக்காதீர்கள், இழை அறுந்துவிடும் என்று பொன்னுசாமி கெஞ்சினார். கெஞ்சக் கெஞ்சப் பாவு ஆடியது. அமலி அழுதுகொண்டே சிரித்தாள், கம்பை மட்டும் விடவில்லை.

ஜூன் மாதம் சேவூர்ப் பள்ளிக்கூடம் திறந்தது.