கோக்காத கை

கபடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என் மகள் பாடிப் போனால் எதிரணியில் ஒருத்தியையாவது தொடாமல் திரும்ப மாட்டாள் என்று ஊரார் சொல்லக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஆற்றோரத்து அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மாவட்ட அணிக்குத் தேர்வானால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், அங்கேயே படித்து வேலைக்கும் போய்விடலாம் என்று நினைத்திருந்தாள். நானும் நம்பியிருந்தேன்.

ராதாபுரத்தில் ஒரு போட்டி. லீவு போட்டுவிட்டுப் போனேன். அவள் ஆடுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எதிரணிப் பெண் பாடிக்கொண்டு உள்ளே வரும்போது நம் பிள்ளைகள் கைகோத்து நின்று வளைத்துப் பிடிக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் கோத்திருந்தார்கள். என் மகள் மட்டும் ஓரத்தில் தள்ளி நின்றாள். பக்கத்தில் நின்றவள் தன் பனியனைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த இடைவெளி வழியாகத்தான் எதிரணிப் பெண்கள் திரும்பத் திரும்பத் தப்பித்துப் போனார்கள். தோற்றோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"எப்பவும் அப்படித்தாம்மா. என் கையப் பிடிச்சா வீட்ல ஏசுவாங்களாம்" என்றாள், ஏதோ ஆட்டத்தின் விதியைச் சொல்வதுபோல.

எங்கள் பக்கம் யாரும் சாதியைக் கேட்க மாட்டார்கள். எந்தத் தெரு என்று கேட்பார்கள், அது போதும். நான் இந்த ஊர்களுக்கெல்லாம் கிராம சுகாதார நர்ஸ். அந்தப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டவளே நான்தான். கைக்குழந்தையாக என் மடியில் கிடந்து அழுதவர்கள். அப்போது என் கையில் இல்லாத தீட்டு என் மகள் கையில் எப்படி வந்து ஒட்டியது?

மறுநாள் விளையாட்டு ஆசிரியரிடம் போனேன்.

"பாடிப் போற பிள்ளைக்குக் கை சுளுக்கிறக் கூடாதுல்லா சிஸ்டர்? அதான் தனியா நிப்பாட்டுதேன்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்குக் கூச்சமே இல்லை. பெண் பிள்ளைகள் விஷயத்தைப் பெரிதாக்க வேண்டாம் என்றார் தலைமை ஆசிரியர். கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்தேன்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, அந்த ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டார். "அப்படியெல்லாம் இல்ல சார்" என்றன பிள்ளைகள். வேலிக்கு ஓணான் சாட்சி.

"சரி, எல்லாரும் கைகோத்து நில்லுங்க, பாப்போம்" என்றார் அதிகாரி.

கோத்தார்கள். என் மகளை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். என் மகள் சிரித்தாள். படத்துக்காகச் சிரித்த சிரிப்பு இல்லை அது, பெற்றவளுக்குத் தெரியாதா? இது நாடகம் சார் என்று கத்த வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

பதில் தபாலில் வந்தது. பாகுபாடு எதுவும் காணப்படவில்லை, மாணவி சக மாணவியரோடு மகிழ்ச்சியாக இருக்கிறார், புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது. எதற்கு வம்பு என்று பள்ளியில் கபடி அணியையே கலைத்துவிட்டார்கள். பாளையங்கோட்டையில் மாவட்ட அணித் தேர்வு நடந்த அன்று என் மகள் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். விடுதிக் கனவு அதோடு போயிற்று. அணி கலைந்ததற்கு அவள்தான் காரணம் என்று வகுப்பில் ஒருத்தியும் அவளோடு பேசுவதில்லை.

மேலே எழுதுங்கள் என்று ஒரு வக்கீல் சொன்னார். மேலே இருப்பவர்களும் இதே போல் ஒருவரைத்தான் அனுப்புவார்கள். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று பரீட்சையில் எழுதி என் மகள் முழு மார்க் வாங்கியிருக்கிறாள். எனக்கு அந்த நம்பிக்கை விட்டுப்போய்விட்டது.

போன வாரம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். தட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"எம்மா, இன்னொரு மனு போடுதியா?"

அணியைத் திரும்பக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "இனி எதுக்கு?" என்றேன்.

"மனு போட்டா அந்த சார் வருவாருல்லா? வந்தா, கைகோத்து நிக்கச் சொல்லுவாரு."