ஜீப்பைத் தெருமுனையில் நிறுத்தியவர்

போன செவ்வாய்க்கிழமை காலை ரெங்கன் போன் செய்தார். "கம்பவுண்டரய்யா, சிஸ்டர் போயிட்டாக" என்றார். சிஸ்டர் தனபாக்கியத்தோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கு இந்த ரெங்கனைத் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டதுதான் சிஸ்டர் செய்த வேலை.

எழுபதுகளில் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் அவர் நர்ஸ், நான் கம்பவுண்டர். மாதம் ஒரு முறை மதுரையிலிருந்து மனநல டாக்டர் வந்து மாத்திரை எழுதிக் கொடுப்பார். ஆட்கள் அதை விடாமல் சாப்பிடுகிறார்களா என்று வீடு தேடிப் போய்ப் பார்ப்பது எங்கள் பாடு. "நம்ம போறது அந்த வீட்டுக்கு ஒத்தாசையா இருக்கணும், ஊருக்குச் சேதியா இருக்கக்கூடாது கம்பவுண்டரே" என்பார் சிஸ்டர். எனக்கு அது வீண் பயமாகப் பட்டது.

ரெங்கன் நெசவாளி. இருபத்தைந்து வயதில் தூக்கம் கெட்டு, யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி, கொளுத்தும் வெயிலில் திருச்சுழி ரோட்டில் நடந்துகொண்டே இருந்தவர். அவருடைய அம்மா வேறு வழி தெரியாமல் வீட்டுத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார். முதல் நாள் சிஸ்டர் நேரே போய், சங்கிலி எட்டுகிற தூரத்துக்குள்ளேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வாசற்படியைத் தாண்டவில்லை. பயமாக இல்லையா என்று பிறகு கேட்டேன். "பயமாத்தான் இருந்துச்சு. தள்ளி உக்காந்தா அவரு எங்கிட்ட என்னத்தைச் சொல்லுவாரு?" என்றார். ஐந்தாம் மாதம் சங்கிலி கழன்றது. ரெங்கன் மறுபடி தறியில் உட்கார்ந்தார்.

அந்தத் தெருவில் காலை வேளையில் பாவு நீட்டியிருப்பார்கள். தறியில் ஏற்ற வேண்டிய நூல் தெரு நெடுக ஓடும். வண்டி போக வழியிருக்காது. சிஸ்டர் ஜீப்பைத் தெருமுனையில் நிறுத்தி ஓரமாக நடந்து போவார். அவர் லீவில் இருந்த ஒரு நாள், வெயிலுக்குச் சோம்பிய நான் டிரைவரை ஹாரன் அடிக்கச் சொன்னேன். ஆட்கள் ஓடிவந்து பாவைத் தூக்கி வழிவிட, ஜீப்பு ரெங்கன் வாசலில் போய் நின்றது. நான் இறங்கக்கூட இல்லை. "ரெங்கன் இருக்காரா? மாத்திரை தீந்திருக்குமே" என்று கூவினேன். பாவைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அதில் ஒருவர், ரெங்கன் தங்கைக்குப் பேசி வைத்திருந்த பாளையம்பட்டி மாப்பிள்ளைக்கு உறவு.

வரன் தட்டிப்போனது. "நீங்க நல்லது செஞ்சது போதும்யா. இனி இந்தப் பக்கம் வராதீக" என்று ரெங்கனின் அம்மா கதவைச் சாத்தினார். மாத்திரை நின்றது. இரண்டு வாரத்தில் ரெங்கனுக்கு மறுபடி தூக்கம் போனது. பரணில் கிடந்த சங்கிலியை இறக்கி வைத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது.

சிஸ்டர் என்னைத் திட்டினார், நன்றாகவே திட்டினார். "வாயா அது, ரேடியோ குழாயா?" மறுநாள் காலை அந்தத் தெருவின் முதல் வீட்டில் போய் நின்றார். குழந்தையை எடை போட்டார். கிழவரின் இருமலை விசாரித்தார். பிள்ளைத்தாச்சியின் காலை அழுத்தி வீக்கம் பார்த்தார். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. "ஒரு வீட்டுக்கு மட்டும் போனாத்தானே பேச்சு? எல்லா வீட்டுக்கும் போவோம்." எந்த அதிகாரியும் சொல்லாத வேலை. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

மூன்றாம் நாள் ரெங்கன் வீட்டு முறை வந்தது. கதவு சாத்தியிருந்தது. சிஸ்டர் தட்டவில்லை. எல்லா வீட்டிலும் கேட்டதையே அங்கேயும் கேட்டார்: "அம்மா, வீட்ல எத்தனை பேரு?" கதவுக்கு வெளியிலேயே நின்றார். பிறகு, "மூணு பேரு" என்று குரல் வந்தது, தாழ்ப்பாள் விலகியது. ரெங்கனையும் சேர்த்துத்தான் மூன்று.

வெளியே வந்தபோது இரண்டு வீடு தள்ளியிருந்த ஒருவர் சிஸ்டரிடம் வந்து தணிந்த குரலில், "நேத்து எங்க வீட்ல நாலு பேருன்னு சொன்னேன் சிஸ்டர். அஞ்சு பேரு" என்றார். பின்கட்டு அறையில் அவருடைய மனைவி, ரெங்கனைப் போலவே மனம் கலங்கி, ஆறு வருடமாக அடைபட்டிருந்தார். இப்படியும் ஒரு மனுஷியா என்று அன்று நினைத்தவன், இன்னும் அப்படியேதான் நினைக்கிறேன்.

சங்கிலி திரும்பப் பரணுக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து ரெங்கன் தங்கைக்கு நரிக்குடியில் கல்யாணம். சிஸ்டருக்குப் பத்திரிகை வந்தது, எனக்கு வரவில்லை. அது நியாயம்தான்.

செவ்வாய் மதியம் திருச்சுழியில் சிஸ்டர் வீட்டுத் தெருமுனையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு நடந்தேன். வாசலில், தலையெல்லாம் நரைத்து, ரெங்கன் நின்றிருந்தார். "நீங்க அவுகளுக்கு என்ன வேணும்?" என்று யாரோ கேட்டார்கள். தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "நான் ரெங்கன். சங்கிலியில கெடந்தவன். இவுக குடுத்த மாத்திரையில எந்திரிச்சவன்."

சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை, தெருமுனையில் இறங்கி நடப்பதும், ஒரு வீட்டுச் சேதியை அந்த வீட்டுக்காரரே சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதும். ரெங்கன் சொல்லிவிட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.