அச்சக்காவின் நான்காவது கட்டை

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் அச்சக்கா. அங்கே வேதியியல் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் கேட்கும் அளவில், உள்ளே நெளிநெளியாகக் குழாய் ஓடும் பிளாஸ்டிக் கட்டைகளை முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்து தருவார். இரண்டு திரவங்கள் அந்தக் குழாயில் கலந்து மருந்தாக வெளியே வர வேண்டும். ஆனால் இதுவரை செய்த மூன்று கட்டைகளும் அடைத்துக்கொண்டன. நான்காவதும் அடைத்தால் வேலை வெளியே கண்ணாடிப் பட்டறைக்குப் போய்விடும். அச்சக்காவும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மூன்றாவதை அறுத்துப் பார்த்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் உப்புப் போல ஏதோ படிந்து குழாயை அடைத்திருந்தது. அழகுக்காகத் திருப்பங்களைக் கூராக வைத்தது அவர்தான்.

"வீடு கட்டுற மாதிரி மூலை மூலையா கட்டிவெச்சிருக்கேன்மா," என்றார், பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணிடம். திருப்பங்களை வளைவாக மாற்றி நான்காவதை அச்சடித்தார்.

"இதாவது என் மானத்தைக் காப்பாத்துமா அக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"முதல்ல என் வேலையைக் காப்பாத்தட்டும். உன் மானத்தை அப்புறம் பாக்கலாம்."

திரவங்களைக் கட்டைக்குள் தள்ளும் பம்பு ஓடியது. மறுமுனையில் மஞ்சளாக மருந்து ஒரு துளி விழுந்தது, பின்னாலேயே இன்னொன்று. குடுவை பாதி நிறையும்வரை இருவரும் உட்காரவே இல்லை.