ஒனெசிம் திருத்திய வரி

என் வீட்டுக்காரர் ஒனெசிம் காரெல் பிறந்தது ரூவானில், வளர்ந்தது பாரிஸில் எங்கள் பெல்வில் மேட்டில், பிழைப்பு மரப்பெட்டி செய்வது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் பாட்டுக்கு நிம்மதியாகத் துணி வெளுத்துக்கொண்டிருப்பேன். மனுஷன் கவிஞராகித் தொலைத்தார்! ஆணி அடிக்கும்போதே சக்கரவர்த்தியைத் திட்டிப் பாட்டுக் கட்டுவார். சனிக்கிழமையானால் ஒயின் கடையில் மேசைமேல் ஏறிப் பாடுவார், தெருவே கூடச் சேர்ந்துகொள்ளும். அப்படியொரு சனிக்கிழமை, மூலையில் குடித்துக்கொண்டிருந்த போலீஸ் உளவாளி பாட்டை எழுதிக்கொண்டு போய்விட்டான். மறுநாளே வழக்கு.

"பாட்டு என்னுடையது இல்லைன்னு சொல்லுங்க, விட்டுடுவாங்க" என்றார் எங்கள் வக்கீல். நான் மூன்று நாள் சொல்லிக்கொடுத்தேன்.

"எங்கே, சொல்லுய்யா."

"என்னுடையது இல்லை."

"இழவு வீட்டுல நிக்கிற மாதிரி சொல்லாதே!"

கோர்ட்டில் என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். வெளுத்து வாங்கினேன். "இவருக்குக் கவிதையா? நல்ல கதையா இருக்கே! சந்தைக்கு அனுப்பினா நாலு சாமான் நினைப்புல நிக்காதுங்க ஐயா. இந்த மண்டையில பாட்டு எங்கேருந்து வரும்?"

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் சிரித்தார். இவருக்குக் காது சிவந்துவிட்டது, ஆனாலும் சொன்னபடி "என்னுடையது இல்லை" என்றார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அப்புறம் அரசு வக்கீல் உளவாளியின் காகிதத்தைப் படித்தார்: "சக்கரவர்த்தியின் நாய் கறி தின்னும், எங்கள் சட்டி காலி."

"அய்யய்யோ!" என்று எழுந்துவிட்டார் இவர். "இப்படியா எழுதுவான் ஒருத்தன்? 'சக்கரவர்த்தியின் நாய்க்குக் கறியே சலித்துவிட்டது, எங்கள் சட்டிக்குத்தான் தண்ணீர் சலிக்கவில்லை.' அதுதான் என் வரி!"

எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆறு மாதம் ஜெயில்.

காவலர்கள் கையைப் பிடித்து இழுக்கும்போது என் பக்கம் திரும்பினார். "ஃபிலோமீன், மண்டையில ஒண்ணும் இல்லைன்னியே... நிஜமாவா?"

ஆறு மாதம் உள்ளே போகிறவர் கேட்கிற கேள்வியா இது?

"பைத்தியக்காரா, உன் பாட்டு அத்தனையும் எனக்கு மனப்பாடம்யா!"

அவர் நம்பவில்லை. முகம் அப்படியே செத்துக் கிடந்தது. என்னால் தாங்க முடியவில்லை. நீதிபதி நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குள், அடுத்த சரணத்தைத் தொண்டை கிழியப் பாடினேன்.

எனக்குப் பதினைந்து நாள்.