தோணிரேவில் செல்லி விட்டுக்கொடுத்த ஒரு பறி இறால்

அன்று இருந்தவர்கள்: நான், என் தங்கை வசந்தா, அவள் வீட்டுக்காரர் தனபால், கையால் இறால் பிடிக்கிற செல்லி, கடைசியில் வந்த வலைக்காரன் முனுசாமி. யாரையும் விடவில்லை. பூநாரை பார்க்கணும் என்று வசந்தா இரண்டு வருடம் நச்சரித்ததால், தை மாதத்து ஞாயிறு ஒன்றில் கிளம்பினோம்.

மீஞ்சூரில் காலை ஆறு பத்துக்கு ரயில். பொன்னேரியில் இறங்கி ஆட்டோ. சுமார் இருபது கிலோமீட்டர், நானூறு ரூபாய். ஏழேகாலுக்கெல்லாம் தோணிரேவு ஏரிக்கரை. தூரத்தில் பூநாரைகள் வெளிர்சிவப்புக் கோடாக நின்றன. ஆனால் நான் பார்த்துக்கொண்டே நின்றது செல்லியை.

கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் எடுக்கிறாள். போடுவதற்கு ஓலைப் பறி; அதன் கயிறு பல்லில். வாயைத் திறந்தால் பறி போய்விடும். நான் கேட்டதற்கெல்லாம் புருவத்தாலேயே பதில் சொன்னாள்!

ஒன்பது மணிக்குப் பறி நிறைந்ததும் கரைப்பக்கம் நடந்தாள். வழியில், முழங்கால் தண்ணீரில், இரண்டு குச்சிக்கு நடுவே நைலான் வலை. அதில் மூன்று உள்ளான் குருவிகள் சிக்கி இறக்கை அடித்துக்கொண்டிருந்தன.

"எவனோ கட்டினது, விடும்மா," என்றார் தனபால்.

"ஆமா சார். அடுத்தவன் வலைல கை வெக்கக்கூடாது, எங்க ஊரு கட்டு," என்றாள் செல்லி. சொல்லிக்கொண்டே வலையருகில் போனாள். பிறகு ஒவ்வொன்றாகச் சிக்கெடுத்துப் பறக்கவிட்டாள். விட்டதும், இறாலோடு பறியை அந்தக் குச்சியிலேயே கட்டினாள்.

"இன்னாம்மா, காலைலேர்ந்து புடிச்சதாச்சே!" என்றேன்.

"அவன் வலைல கை வெச்சிட்டேன். அவன் வெறுங்கையா போவக்கூடாது."

"குருவிக்காகவா இவ்ளோவும்?"

"என் வயித்துக்குதாம்மா. இதுங்க மேயற எடத்துலதான் எறா கெடைக்கும். இதுங்க இல்லன்னா ஏரி முழுக்க எங்கன்னு தடவுவேன்?"

அப்போதுதான் முனுசாமி வந்தான். "இன்னாடி செல்லி, அது ஆர்டர் குருவி! சாரு நேத்து போன்ல சொன்னாரு, ஆளுக்கு ஒண்ணுன்னு," என்று தனபாலைக் காட்டினான். போன மாதம் வேலையாக வந்தபோதே நம்பர் வாங்கி வைத்திருந்தாராம். வசந்தாவுக்கும் தெரியாது.

முனுசாமி இறாலைத் தனபால் பையில் கொட்டினான். செல்லி திட்டவில்லை. "நல்லா சாப்டு சார்," என்றாள். பறி அவன் கையிலேயே இருக்க, முந்தானையை மடியாக முடிந்துகொண்டு மறுபடி ஏரிக்குள் இறங்கினாள்.

போகிறவர்கள் பத்து மணிக்குள் பார்த்துவிடுங்கள். நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துப்போங்கள். கரையில் பெண்களிடமே இறால் வாங்குங்கள். குருவிக்கறி மட்டும் கேட்காதீர்கள். குற்றம் என்பது ஒருபுறம், நாம் கேட்பதால்தான் அந்த வலையைக் கட்டுகிறார்கள்.

முனுசாமி மேல் எனக்குக் கோபமில்லை, கேட்டதற்காக வலை கட்டினான். அந்த இறாலை வறுத்துத் தின்று, தலையையும் உறிஞ்சிவிட்டு, "குருவின்னா இன்னும் ருசி" என்று ஏப்பம் விட்ட ஆளைத்தான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். அவர் பெயர் தனபால்.