ஒருமனதாக நிறைவேறியது

என் அண்ணிக்கு எங்கள் தெருவில் ‘தீர்மானம்’ என்று பட்டப்பெயர். வீட்டில் குழாய் ஒழுகினால்கூட, “பிளம்பரைக் கூப்பிடுவதென்று முடிவு செய்யப்படுகிறது” என்பாளாம். கேலியை ஆரம்பித்து வைத்தவள் நான்தான். நாத்தனாருக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன?

தலைவரின் நினைவிடக் கமிட்டியில் அவள் டைப்பிஸ்ட். இருபத்திரண்டு வருஷம். மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை, இரண்டு பீரோ, ஒரு நீள மேஜை, ஒன்பது நாற்காலி. அதில் கால் ஆடுகிற நாற்காலி அண்ணிக்கு. சம்பளம் வராத மாதங்களிலும் போனாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் உண்டியலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பாள்.

“செத்தவருக்குக் கட்டடம் எதுக்கு அண்ணி? நம்ம கூரை ஒழுகுது” என்று ஒருநாள் கேட்டேன்.

“அவர் இல்லேன்னா ஒழுகறதுக்கு உனக்குக் கூரையே இருந்திருக்காதுடி.”

அது உண்மை. எங்கள் ஆட்கள் நகரத்துக்குள் சொந்த வீடு வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு காலத்தில் சட்டமே இருந்தது. தலைவர் ஏழு வருஷம் போராடி, மூன்று முறை ஜெயிலுக்குப் போய் அதை உடைத்தார். முதல் பத்திரம் வாங்கிய நாற்பது பேரில் என் அப்பா பதினாறாவது ஆள். அதனால்தான் எங்கள் தெருவுக்கு நாற்பது வீடு என்று பெயர். ஓர் அறை, ஒரு சமையலறை, பின்னால் குளியலறை. அண்ணன் இறந்த பிறகு அதில் அண்ணியும் நானும்தான். நான் யூனிஃபார்ம் கம்பெனியில் காலர் தைக்கிறவள். கல்யாணம் ஆகவில்லை, அந்த வீட்டை விட்டால் போக்கிடமும் இல்லை.

கமிட்டியின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். தலைவர் சிலைக்கு மூக்குக்கண்ணாடி போடுவதா வேண்டாமா என்று மட்டும் நான்கு கூட்டம் அடித்துக்கொண்டார்கள். அதில் களைத்துப்போய், இனிமேல் சண்டையே வேண்டாம் என்று ஒரு வழக்கம் கொண்டு வந்தார்கள். கூட்டத்துக்கு முந்தின நாளே செயலாளர் பொருள் பட்டியலைக் கொடுத்துவிடுவார். அண்ணி அன்றைக்கே முழுக் கூட்டத்தையும் டைப் அடித்து வைத்துவிடுவாள். ‘விவாதிக்கப்பட்டது. ஒருமனதாக நிறைவேறியது.’ மறுநாள் டீ ஆறுவதற்குள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். கூட்டத்தில் இருந்தவள் என்ற முறையில் கடைசிக் கையெழுத்து அண்ணியுடையது.

பணம்தான் சேரவில்லை. எந்த அரசாங்கத்திடம் மனு கொடுத்தாலும் கிணற்றில் போட்ட கல்தான். பிறகு ஒரு காண்ட்ராக்டர் வந்தார். பாதிப் பணம் நான் தருகிறேன், மீதியை அரசாங்கத்திடம் நானே வாங்கித் தருகிறேன், ஆனால் இடம் நகரத்தின் நடுவில் இருக்க வேண்டும், கார் நிறுத்த வசதி வேண்டும் என்றார். அன்று அண்ணி இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். நானும்தான் தின்றேன்.

அந்த மாதப் பட்டியலில் ஐந்தாவதாக ஒரு வரி: ‘மனை எண் 117-ஐ நினைவிடத்துக்கு எடுத்துக்கொள்வது.’ எங்கள் தெருவில் யாருக்கும் மனை எண் தெரியாது. நாங்கள் பதினாறாம் வீடு, பக்கத்தில் பதினேழு, அவ்வளவுதான். அண்ணி எப்போதும் போல அடித்தாள். ஒருமனதாக நிறைவேறியது. எப்போதும் போலக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று மாதம் கழித்து டேப்போடு ஆட்கள் வந்து தெருவை அளந்தார்கள். கதவு கதவாக நோட்டீஸ் ஒட்டினார்கள். மனை எண் 117 என்பது நாற்பது வீடும் நிற்கிற நிலம்.

அண்ணி நோட்டீஸைக் கிழித்து எடுத்துக்கொண்டு கமிட்டி ஆபீசுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

“சார், இது எங்க வீடு.”

செயலாளர் சிரித்தார். “தெரியும்மா. எவ்வளவு பெருமை பாருங்க. அவர் ஜெயிச்ச மண்ணுலயே அவருக்கு நினைவிடம். அவர் வாங்கிக் குடுத்த வீட்டோட மாதிரி ஒண்ணும் உள்ள கட்டப்போறாங்க.”

“நிஜ வீட்டை இடிச்சிட்டு மாதிரி வீடா?” என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“நான் சம்மதிக்கலையே சார்” என்றாள் அண்ணி.

அவர் ஃபைலைத் திருப்பி வைத்தார். “நாற்பது வீட்டுல இருந்து ஒருத்தர் ஒத்துக்கிட்டிருக்கணும்னு அரசாங்கம் கேட்டுச்சு. கூட்டத்துல நீங்க இருந்திருக்கீங்க, கையெழுத்து இருக்கு. ஒருமனதாகன்னு நீங்களே அடிச்சிருக்கீங்க.”

“அது எப்பவும் அடிக்கறதுதானே சார்.”

“அப்படின்னு அரசாங்கத்துகிட்ட சொல்ல முடியுமா?”

“சரி. அடுத்த கூட்டத்துல நான் எதிர்க்கறேன்னு எழுதறேன்.”

“நீங்க உறுப்பினர் இல்லம்மா, ஊழியர். ஊழியரோட எதிர்ப்பைப் பதிவு பண்ண விதியில்ல.”

“சம்மதிக்கறப்ப மட்டும் உறுப்பினரா?” என்று கத்தினேன்.

“நீங்க யாரு?”

“அந்த வீட்ல பாதி.”

அவர் மணியடித்து எங்களுக்கு டீ சொன்னார்.

அண்ணி நாற்பது கதவையும் தட்டினாள். “நான்தான் அடிச்சேன். என்னன்னு கேக்காம அடிச்சேன்” என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். சிலர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். அவர்களை மட்டும் சொல்வானேன்? “சொந்தக் காசில சூனியம் வச்சுக்கறதுன்னா இதுதான் அண்ணி” என்று நானும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை உண்டியலை நினைத்துத்தான் சொன்னேன்.

கோர்ட்டுக்கும் போனோம். கையெழுத்து இருக்கிறதே என்றார்கள். வீடு போய், இப்போது ஊருக்கு வெளியே அரசாங்கம் கொடுத்த ஏழாவது மாடி வீட்டில் இருக்கிறோம். லிஃப்ட் இருக்கிறது, ஓடாது. கம்பெனிக்குப் போக எனக்கு இரண்டு பஸ்.

திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது. எங்களுக்குக் கடைசி வரிசை. மந்திரி பேசினார்: “இந்த நாற்பது குடும்பங்களும் தலைவருக்காகத் தங்கள் வீட்டையே மனமுவந்து கொடுத்திருக்கிறார்கள்!”

பந்தலே அதிரக் கைதட்டல். பக்கத்தில் அண்ணி எழுந்து நின்றாள். கையை உயர்த்தி, “பொய்! நாங்க குடுக்கல! பிடுங்கிட்டாங்க!” என்று கத்தினாள். பக்கத்தில் இருந்த எனக்கே பாதிதான் கேட்டது. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்த்துகிறாள் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். மந்திரி கும்பிட்டார். போட்டோக்காரன் ஓடி வந்து படம் எடுத்தான்.

போன வாரம் தனியாக, டிக்கெட் வாங்கிக்கொண்டு நினைவிடத்துக்குள் போனேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, மாதிரி வீட்டின் வாசலில் மாட்டியிருக்கிறார்கள். ஒரு பெண் அதைக் காட்டித் தன் கணவனிடம் கேட்டாள். “இந்தம்மா என்ன சொல்றாங்க?”

“தலைவருக்கு நன்றி சொல்றாங்க” என்றான் அவன்.

திரும்பி வந்து ஏழு மாடி ஏறினேன். எங்கே போயிருந்தேன் என்று அண்ணி கேட்டாள். சொன்னேன்.

“படம் எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு அண்ணி. வாய் நல்லா தெறந்திருக்கு. சத்தம்தான் கேக்கல.”