வீதிக்கு அந்தப் பக்கம் கேட்ட கிட்டார்

மூன்று வருடத்துக்கு முன்னர், மட்டக்களப்பு டவுனில், என் மச்சாளின், அதாவது கணவருடைய சகோதரியின், கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது நடந்தது இது.

நான் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயற்காரர் வீட்டுப் பிள்ளை. கலியாணம் முடித்தது டவுனில், போர்த்துக்கேய வழிவந்த ஒரு பறங்கியர் குடும்பத்தில். அந்த வீட்டு ஆண்களுக்குத் தச்சு வேலையும் வரும், வாத்தியமும் வரும். மாமா வயலின், என் கணவர் மேளம், அவருடைய தம்பி கையில் தட்டும் தம்பறின். கலியாணம் என்றால் முற்றத்தில் இவர்கள் வாசிக்க, மற்றவர்கள் சோடி சோடியாக ஆடுவார்கள். ஸ்பீக்கர் என்ற பேச்சே மாமாவிடம் எடுக்க முடியாது.

என் கலியாணத்துக்குப் பிறகுதான் நான் போனில் பார்த்துப் பார்த்துக் கிட்டார் பழகினேன். அந்த முறை மாமா என்னையும் ஒத்திகைக்குக் கூப்பிட்டார். சந்தோசத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் என்னிடம் இருந்தது சின்ன, மலிவான கிட்டார். மேளம் தொடங்கினால் அது இருந்த இடம் தெரியாது. தடித்த கம்பி போட்டேன், ஓங்கி அடித்தேன். விரல் வெடித்ததுதான் மிச்சம். ஒருநாள் பாட்டின் நடுவில், சோதித்துப் பார்ப்போமே என்று வாசிப்பதை நிறுத்தினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும் மாமா, "இண்டைக்கு எல்லாரும் நல்லா வாசிச்ச" என்றார். குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதுவிட்டேன்.

டவுன் கடைகளில் பெரிய கிட்டார்கள் இருந்தன. நான் முன்பள்ளி ஆசிரியை. அவற்றின் விலைக்கு என் பல மாதச் சம்பளம் வேண்டும். கைக்கு எட்டிய விலையில் இருந்தவையோ என்னுடையதைப் போலவே முணுமுணுத்தன. அப்போதுதான் கணவருக்குத் தெரிந்த ஒரு மரவேலைக்காரர், ஏறாவூரில் கட்டில், மேசை விற்கும் ஒரு தளபாடக் கடைச் சுவரில் பெரிய கிட்டார் ஒன்று தொங்குவதாகச் சொன்னார். சனிக்கிழமை காலையிலேயே பஸ் ஏறினேன்.

கடைக்கார நானாவுக்கு (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்) ஐம்பது வயது இருக்கும். முன்பு வளைகுடாவில், கட்டார் நாட்டில் டிரைவராக இருந்தவர். கூட ஒரே அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஊருக்குப் போகும்போது அந்தக் கிட்டாரை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். நானாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் நண்பர் வாசிக்க, சமைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார். பக்கப் பலகையில் நீளமாக ஒரு வெடிப்பு இருந்தது. வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று அவரே மறைக்காமல் காட்டினார்.

கம்பிகள் துருப்பிடித்திருந்தன. கொண்டுபோன புதுக் கம்பிகளை மாட்டினேன். கடைக்குப் பின்னால் பலகை அறுக்கும் மெஷின் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். எதற்கு இந்தக் கிட்டார் என்று கேட்டார். ஒத்திகையில் நடந்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப மெஷின் ஓடட்டும் தங்கச்சி. மேளத்துக்குள்ளதானே வாசிக்கப் போறீங்க. நான் அங்கால நிண்டு கேக்கன்."

சொல்லிவிட்டு வீதியைக் கடந்து, எதிரே தேத்தண்ணிக் கடை வாசலில் போய் நின்றார். நான் வாசித்தேன். நெஞ்சோடு சேர்ந்து அந்த மரம் அதிர்ந்தது. எங்கள் நடுவே ஒரு பஸ் போனது. அது நகர்ந்ததும் பார்த்தேன், நானா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்களும் எழும்பி நின்று என்னையே பார்த்தார்கள்.

திரும்பி வந்து விலை பேசினார். என்னிடம் இருந்தது அவர் சொன்ன விலையில் பாதிக்குச் சற்று மேல். அவர் கிட்டாரை என் பக்கம் தள்ளினார்.

"இருக்கிற காச வெச்சிட்டு இதக் கொண்டு போங்க. மீதிய நான் கேக்க மாட்டன். சுவர்ல தொங்கினா இது பலகைதானே."

வெடிப்பை மாமாவும் கணவரும் சேர்ந்து ஒட்டினார்கள். இரண்டு நாள் இறுக்கிக் கட்டி வைத்த பிறகு, அந்த இடம் எதுவென்று நானே தேட வேண்டியிருந்தது.

கலியாணத்தன்று பின்னேரம் முற்றம் நிறைந்துவிட்டது. மேளம் தொடங்கியது. நானும் தொடங்கினேன். மூன்றாவது பாட்டில் மச்சாளும் மாப்பிள்ளையும் சுற்றிச் சுற்றி என் பக்கமே வந்தார்கள். என் கை விழும் இடத்தில் அவர்களின் கால் விழுந்தது. எங்கள் ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானும் ஆட்டத்துக்குள் இறங்கினார். மாமா வயலினைத் தாடையில் வைத்தபடியே என் பக்கம் சரிந்தார்.

"மகள், கொஞ்சம் மெதுவா. என்ட வயலின் எனக்கே கேக்குதில்ல."

அவருடைய முகம் முழுக்கச் சிரிப்பு. நான் மெதுவாக வாசிக்கவில்லை. அன்று மட்டும் மாமாவின் சொல்லைக் கேட்கவில்லை.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. ஆனால் அந்தக் குடும்பத்துக்குள் நான் உண்மையில் வந்து சேர்ந்தது அந்தப் பின்னேரத்தில்தான் என்றும், ஒரு சுரம்கூட வாசிக்கத் தெரியாத ஒரு மனிதர்தான் என்னைக் கொண்டுவந்து சேர்த்தார் என்றும் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.